அம்மா வந்த வீடு

"வாசனைக்கு மட்டும் வேணும், வாயில வெச்சா கசக்குதா உனக்கு? பொறுக்கிப் பொறுக்கி..."

"அக்கா, நான் இன்னா சொல்றேன்னு..."

"...வெளியே வீசிகினே வர்றே. அம்பத்தூர்ல புடிச்சுக் குமணன்சாவடி வரைக்கும் என் கறிவேப்பிலைதான் ரோடெல்லாம் கெடக்குது."

"...கேளேன் மொதல்ல. திரும்பிப் போவும்போது வண்டிக்காரருக்கு வழி தெரியணும் இல்ல? அதுக்கு அடையாளம் போட்டுகினு வர்றேன்."

தாட்சாயிணி தம்பியின் கையிலிருந்த புளிச்சோற்றை மந்தாரை இலையோடு பிடுங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். தசரதனுக்கு வாய் மிஞ்சியது, சோறு போயிற்று. ஆதரவு தேடி வில்வண்டியின் முன்பக்கம் பார்த்தான். அங்கே அவன் அக்காள் புருஷன் பரந்தாமன் குடையை மடியில் கிடத்திக்கொண்டு தூங்குவது போல் உட்கார்ந்திருந்தார். தூங்கவில்லை. அக்காளும் தம்பியும் சண்டை போடும்போது கண்ணை மூடிக்கொள்வது அவருடைய பன்னிரண்டு வருஷக் குடும்ப அனுபவம்.

பரந்தாமன் துப்பறிகிறவர். அம்பத்தூரிலிருந்து ஆவடி வரைக்கும் நகை காணோம், நாட்டுப் பசு காணோம் என்றால் போலீசுக்கு முன்னால் அவரிடம்தான் ஓடி வருவார்கள். தசரதன் அவருக்கு உதவியாள். மாமா யோசிப்பார், நான் பேசுவேன், இரண்டையும் ஒரே ஆள் செய்தால் நெஞ்சு அடைத்துக்கொள்ளும் என்று ஊரில் சொல்லிக்கொண்டு திரிவான். ஆனால் இன்றைக்குத் துப்பும் கிடையாது தும்பும் கிடையாது என்று தாட்சாயிணி சத்தியம் வாங்கியிருந்தாள். மகள் ராணிக்கு ஆறு வயசு. பொம்மையூர் ரயிலில் ஏற்றிக்காட்டுகிறேன் என்று போன ஆடியில் சொன்ன சொல், இந்த ஆடியில்தான் வண்டி கட்டியது.

பொம்மையூர் என்றால் அந்தப் பக்கத்தில் தெரியாதவர்கள் இல்லை. ரயில் பாதைக்கு ஜல்லி போட்டுக் கொழுத்த ஒரு பெரிய மனுஷர், சீமையிலிருந்து இடுப்புயர எஞ்சின் ஒன்றைக் கப்பலில் வரவழைத்து, அது ஓடுவதற்கென்றே தன் மாந்தோப்புக்குள் ஒரு ஊரைக் கட்டினார். ஊர் மொத்தமும் முழங்கால் உயரம். நகத்தளவு ஓடு வேய்ந்த வீடுகள், சந்தை, சாவடி, தாமரைக் குளம், கோடியில் பொன்னியம்மன் கோயில். ஊரைச் சுற்றி வளையமாகத் தண்டவாளம். அதுதான் ஊர் எல்லை. பிள்ளைகள் பெட்டியில் சம்மணம் போட்டு உட்காருவார்கள், பெரியவர்கள் முழங்காலை மோவாயோடு சேர்த்து வைத்துக்கொண்டு உட்காருவார்கள். ஒரு வெள்ளைக்காரத் துரைகூட அப்படி மடங்கி உட்கார்ந்து போய், இறங்கும்போது நாலு பேர் பிடித்து நிமிர்த்தினார்கள் என்று கதை உண்டு.

கட்டியவர் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆயிற்று. ஆனால் ஆடி மாசத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் திருவிழா மட்டும் நிற்கவில்லை. விரலளவு தங்க அம்மன், தேருக்குப் பதில் ரயிலில் ஏறிப் பொம்மையூரை வலம் வருவாள். வெள்ளானூர், மண்ணூர்பேட்டை என்று நாலா பக்கமிருந்தும் வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள்.

அன்றைக்கும் வந்திருந்தார்கள். ஆனால் தோப்புக்குள் புகையும் இல்லை, ஊதலும் இல்லை. ஜனங்கள் எழவு வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். வண்டி நின்றதும் ஒரு பெண்பிள்ளை ஓடிவந்து நுகத்தடியைப் பிடித்துக்கொண்டாள்.

அவள் பெயர் தாயம்மா. தோப்பைப் பெருக்கித் தண்ணீர் தெளிப்பவள். எஞ்சின் ஓட்டுகிற சின்னப்பையன் அவளுடைய ஒரே மகன். அழுகையும் பேச்சுமாக அவள் சொன்னதைத் தசரதன் மனசுக்குள் கோத்துக்கொண்டான். நேற்று மாலை சின்னப்பையன் அம்மனைப் புளி போட்டுத் தேய்த்துக் கோயிலில் வைத்துப் பூட்டினான். காலையில் கதவு பூட்டியபடியே இருக்கிறது, உள்ளே அம்மன் இல்லை. சாவி இரண்டு. ஒன்று சின்னப்பையனிடம், இன்னொன்று ஊரைக் கட்டியவரின் குடும்பத்துப் பெரிய வீட்டில். பெரிய வீட்டைச் சந்தேகப்படுகிற வழக்கம் யாருக்கும் கிடையாது. ஆகவே அந்த வீட்டுச் சின்னய்யா மணவாளன், சின்னப்பையனை எஞ்சின் கொட்டகைத் தூணில் கட்டிவைத்துவிட்டு, பூந்தமல்லி ஸ்டேஷனிலிருந்து ஏட்டை அழைத்துவரச் சைக்கிளில் ஆள் அனுப்பியிருக்கிறார்.

"ஏட்டு வந்து இட்டுகினு போயிட்டார்னா எம்புள்ளயை முழுசா அனுப்ப மாட்டாங்க சாமி," என்றாள் தாயம்மா.

பரந்தாமன் மனைவியைப் பார்த்தார். சத்தியம் செய்தவர் ஆயிற்றே. தாட்சாயிணி ராணியை இறக்கிவிட்டுக்கொண்டே சொன்னாள்: "என்னை எதுக்குப் பாக்கறீங்க? எஞ்சின் ஓட்றவனை அவுத்து உட்டாத்தானே ரயில் ஓடும். போங்க."

பெரிய வீட்டுத் தாழ்வாரத்தில் சாய்வு நாற்காலி போட்டுப் பெரியவர் ஜம்புலிங்கம் உட்கார்ந்திருந்தார். மடியில் வெள்ளிப் பொடி டப்பி. பரந்தாமன் வந்திருக்கிற செய்தி முன்னமே எட்டியிருந்தது. ஆள் வரும் சத்தம் கேட்டு எழுந்து, "வாங்க பரந்தாமன், நல்ல சமயத்துல வந்தீங்க," என்று தசரதனின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"நான் அவரு இல்லீங்க," என்றான் தசரதன். "அவருக்குப் பொண்ணு குடுத்த பாவத்துக்குக் கூட வந்தவன்."

பெரியவர் கூச்சத்தோடு சிரித்தார். மூக்குக் கண்ணாடி உடைந்து, பழுது பார்க்கப் பட்டணத்துக்குப் போயிருக்கிறதாம். அது வருகிறவரைக்கும் தனக்கு எல்லாரும் புகைதான் என்றார். பேச்சினூடே ஒரு சிட்டிகை பொடியை உறிஞ்சினார். வீட்டுக்குள்ளிருந்து அந்தச் சமயம் கமறலாக ஒரு நாற்றம் வந்தது. பால் அடிப்பிடித்துத் தீய்கிற நாற்றம். நாலு பேர் மூக்கைப் பிடித்துக்கொண்டு அடுக்களைப் பக்கம் ஓடினார்கள். பெரியவர் மட்டும் திகைத்துப்போய், "இன்னா, எதுக்கு ஓட்றாங்க? ஏட்டு வந்துட்டாரா?" என்று கேட்டார்.

சின்னப்பையன் எப்படிப்பட்டவன் என்று பரந்தாமன் கேட்டதற்குப் பெரியவர் இன்னொரு சிட்டிகை பொடி எடுத்தார். தூணில் கட்டியது யார் உத்தரவு என்று கேட்டதற்கும், எல்லாம் தம்பி பார்த்துக்கொள்கிறான் என்று பொடி டப்பியைத் தட்டினார்.

தம்பி மணவாளன் கொட்டகை வாசலில் நின்றார். கோபக்காரர். கேட்காததற்கும் பதில் சொன்னார். அண்ணன் தம்பிக்குள் பாகம் பிரிந்தாகிவிட்டது. பொம்மையூரும் ரயிலும் அண்ணனுக்கு, தங்க அம்மன் தனக்கு. இன்றைக்குத் திருவிழா முடிந்ததும் அம்மனை மண்ணூர்பேட்டையிலுள்ள தன் வீட்டுக்கு எடுத்துப்போக வண்டி தயார். அதற்குள் இப்படி. சின்னப்பையன் ராத்திரி தோப்பை விட்டு வெளியே போகவில்லை, காவல்காரன் சாட்சி. அதனால் சாமான் இங்கேதான் எங்கோ இருக்கிறது. கரிக் குவியலைச் சலித்தாயிற்று, குளத்தை இறைத்தாயிற்று, பொம்மை வீடுகளின் கூரையையெல்லாம் தூக்கிப் பார்த்தாயிற்று. ஏட்டு வந்து நாலு வைத்தால் தானாகக் கக்குவான்.

தூணில் சின்னப்பையன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். கை கட்டப்பட்டிருந்ததால் முகத்து வியர்வையைத் தோளில் துடைத்துக்கொண்டான். ஒன்றுமே கேட்காமல் அவனே சொன்னான்: "எஞ்சினுக்குத் தண்ணி மட்டும் யாரையாவது ஊத்தச் சொல்லுங்கண்ணா. சாயந்திரத்துக்குள்ள அம்மா கெடச்சிட்டா ஓட்டணும் இல்ல."

வெளியே வந்ததும் தசரதன் மாமாவின் காதைக் கடித்தான். கோபத்தைப் பார்த்தால் சின்னவர்தான் ஆள், கத்துகிறவன்தான் கள்ளன் என்று தன் தீர்ப்பைச் சொன்னான்.

"சாயந்திரம் தானா மடியில வந்து விழறதை, விடியக்காலத்துல எழுந்து எதுக்குடா திருடணும்?" என்றார் பரந்தாமன்.

"எனக்குச் சோறு குடுக்கறேன்னு சொல்லிட்டுப் புடுங்கினாங்களே அக்கா, அந்த மாதிரி அவருக்கும் அவசரமோ என்னமோ."

பொம்மையூர்த் தெருவில் தாட்சாயிணி ராணிக்கு வேடிக்கை காட்டிக்கொண்டிருந்தாள். தசரதனும் போய்ச் சேர்ந்துகொள்ள, ராட்சசர்கள் மாதிரி மூவரும் கூரைகளுக்கு மேலே நடந்தார்கள். தண்டவாளத்தை ஒட்டின கோடி வீட்டில் ராணி குனிந்து கையை நீட்டினாள். தசரதன் சட்டென்று அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தான்.

"அதைத் தொடாதே கண்ணு. வாசல்ல வேப்பிலை சொருகியிருக்கு பாரு. அம்மா வந்த ஊடு."

"பொம்மைக்குக்கூட அம்மை போடுமா மாமா?"

"ஊர்னு இருந்தா எல்லாந்தான் இருக்கும்," என்று சொல்லிவிட்டுத் தசரதன் பழக்கத்தில் இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டான். திருவிழா ஊரில் அப்படி ஒரு வீட்டையும் வைத்திருக்கிறார்களே, நல்ல கற்பனை என்று மெச்சினான். தாட்சாயிணியும் பிள்ளையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு நாலடி தள்ளியே நடந்தாள்.

பரந்தாமன் சாவடி மேடையில் குடையை ஊன்றிக்கொண்டு நின்றார். மச்சானைக் கூப்பிட்டு, பெரிய வீட்டு ஆட்கள் தேடின ஊரை இன்னொரு தடவை நீயே தேடு என்றார். தசரதன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினான். ஒவ்வொரு கூரையாகத் தூக்கினான், உள்ளே பார்த்தான், திரும்ப மூடினான். மண் பொம்மைச் செட்டியார் ஒருத்தர் கல்லாவில் உட்கார்ந்திருந்தார், அவரை நகர்த்தி மன்னிப்புக் கேட்டான். ஒரு வீட்டில் பல்லி முட்டை இருந்தது. அம்மன் இல்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தபோது தோப்பு வாசலில் ஒரு சிவப்புத் தலைப்பாகை தெரிந்தது. ஏட்டு வந்துவிட்டார். எங்கோ தாயம்மாவின் குரல் உயர்ந்து அடங்கியது.

"எல்லா ஊட்லயும் பாத்தியா?" என்றார் பரந்தாமன்.

"எல்லா ஊட்லயும்."

"அந்தக் கோடி ஊட்ல?"

"அது அம்மா வந்த ஊடாச்சே மாமா, அதுல எப்பிடி..."

சொல்லிக்கொண்டிருந்த வாய் அப்படியே திறந்து நின்றது. தசரதனுக்கு வாழ்நாளில் பேச்சு பாதியில் நின்றது அன்றைக்குத்தான் முதல் தடவை.

"அவங்களும் அப்பிடித்தான் உட்டிருப்பாங்க," என்றார் பரந்தாமன். "கூரையைத் தூக்காதேன்னு யாரும் சொல்லலை. சொல்லவே வேணாம். அம்மா வேற எந்த ஊட்லடா இருப்பா?"

ஆனால் கை வைக்க யாருக்கும் துணிவு வரவில்லை. தசரதன் வீட்டைப் பார்த்தான், மாமாவைப் பார்த்தான், மாமா குடையைப் பார்த்தார். துப்பறிகிறவர் ஆனாலும் அவரும் அந்த மண்ணில் பிறந்தவர்தானே. கடைசியில் தாட்சாயிணி, "பெத்தவளுக்குத் தெரியும், தப்பா எடுத்துக்க மாட்டா," என்று முணுமுணுத்துக்கொண்டு வாசலில் மண்டியிட்டாள். கும்பிட்டாள். குனிந்தவள் நிமிரவில்லை. கொத்தை உருவி மூக்கருகே கொண்டுபோனாள்.

"டேய் தசரதா," என்றாள். "இது வேப்பிலை இல்லடா."

வேப்பிலைக்கு ஓரமெல்லாம் ரம்பப் பல் இருக்கும். இதில் இல்லை. கசப்பு வாடையும் இல்லை, கமகமவென்று ரசத்து வாசனை. எட்டி நின்று கும்பிடுகிற தூரத்துக்குத்தான் அது வேப்பிலை. கிட்டப் போனால் கறிவேப்பிலை.

"அம்மா வந்த ஊட்ல தாளிக்கவே கூடாதும்பாங்க," என்றாள் தாட்சாயிணி. "இந்தப் புண்ணியவான் தாளிக்கிற இலையையே வாசல்ல சொருகியிருக்கான்."

எல்லார் பார்வையும் தசரதன் மேல் திரும்பியது. வழியெல்லாம் கறிவேப்பிலை வீசிக்கொண்டு வந்தவன் ஆயிற்றே. நான் வீசினது எண்ணெயில் பொரிந்தது, இது கொம்போடு பச்சை என்று அவன் அவசரமாக எடுத்துச் சொன்னான்.

தாட்சாயிணி கூரையைத் தூக்கினாள். உள்ளே மஞ்சள் கலந்த பச்சரிசியைக் குவித்து, அதன்மேல் தங்க அம்மன் சௌக்கியமாக உட்கார்ந்திருந்தாள். முகத்தில் குங்குமம்கூட கலையவில்லை.

சத்தம் கேட்டு மணவாளன் ஏட்டோடு வந்தார். கையைப் பின்னால் கட்டினபடி சின்னப்பையனையும் இழுத்து வந்தார்கள். பார்த்தீரா, இங்கேதான் ஒளித்திருக்கிறான், சமயம் பார்த்து எடுத்துப்போக வைத்திருக்கிறான் என்று மணவாளன் குதித்தார். ஏட்டு விலங்கை எடுத்தார்.

பரந்தாமன் அவசரப்படவில்லை. கொத்தைச் சின்னப்பையனின் மூக்குக்கு நேரே நீட்டி, என்ன இலை என்று கேட்டார். கறிவேப்பிலைங்கண்ணா என்றான் அவன். மணவாளனிடம் நீட்டினார். குழந்தையிடம் கேட்கிற கேள்வியை என்னிடம் கேட்பதா என்று அவர் முறைத்தார், ஆனால் கறிவேப்பிலை என்றுதான் முறைத்தார். ஏட்டு ஒரு தடவை மோந்து பார்த்து, இரண்டு கொத்து இருந்தால் வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்றார்.

"இருட்டோ வெளிச்சமோ, கண்ணு ஏமாந்தா மூக்கு சொல்லிடும்," என்றார் பரந்தாமன். "ரெண்டும் இருக்கிறவன் இதை வேப்பிலைன்னு சொருக மாட்டான். திருட வந்தவன் மஞ்சள் அரிசியில உக்கார வெக்கவும் மாட்டான். ஏட்டய்யா, விலங்கை ஒரு நிமிஷம் உள்ள வைங்க."

அவர் தாழ்வாரத்தை நோக்கி நடந்தார். எல்லாரும் பின்னால் போனார்கள். போகிற வழியில் கிணற்றடியில் ஒரு வேப்பங்கன்றும் கறிவேப்பிலைச் செடியும் ஒன்றோடொன்று கிளை பின்னி நிற்பதைத் தசரதன் பார்த்தான். பார்த்ததும் அவனுக்குப் பால் தீய்ந்த நாற்றம் ஞாபகம் வந்தது. தன்னைப் பரந்தாமன் என்று நினைத்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்ட கைகளும் ஞாபகம் வந்தன. விகடமாக ஒன்று சொல்ல வாயெடுத்தவன், நடையை எட்டிப் போட்டு மாமாவின் பக்கத்தில் போனான்.

"அம்மா கெடச்சுட்டாங்க அண்ணே," என்றார் பரந்தாமன். "கோடி ஊட்லதான் இருந்தாங்க. வாசல்ல இருந்த இலை இது. பிரசாதமா எடுத்துக்கங்க."

ஜம்புலிங்கம் எழுந்து மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார். இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஒரு கொழுந்தைக் கிள்ளி வாயில் போட்டு, கசப்புக்கு முன்கூட்டியே முகத்தைச் சுளித்துக்கொண்டு மென்றார். மென்றவர் நிறுத்தினார். சுளித்த முகம் சுளித்தபடியே நின்றது.

"கசக்கலையே," என்றார்.

"கசக்காதுங்க. விடியறதுக்கு முன்னால கண்ணாடி இல்லாம பறிச்சது."

பெரியவர் நாற்காலிக் கையைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார். இடுப்புச் சாவிக்கொத்தை அவிழ்த்து மடியில் வைத்தார். பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார், யாரையும் பார்க்காமல். அப்பா கட்டின ஊர். அவள் இல்லாத ஊரில் அந்த ரயில் யாரைச் சுற்றும்? எல்லையைத் தாண்டி அவளை அனுப்ப மனசு வரவில்லை. பங்காளிகள் முன்னால் சம்மதித்த வாயால் மாட்டேன் என்று சொல்லவும் வாய் வரவில்லை. நாலு நாள் தேடிவிட்டுத் தம்பி போய்விடுவான் என்று நினைத்தாராம். அம்மா வந்த வீட்டை யாரும் தொட மாட்டார்கள் என்பது மட்டும் அவருக்கு நிச்சயம்.

மணவாளனின் கோபம் போன இடம் தெரியவில்லை. "எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே உட்டுட்டுப் போயிருப்பேனே அண்ணே," என்றார். அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டார். கூட்டத்தில் இரண்டொருவர் மூக்கை உறிஞ்சினார்கள். அம்மன் இங்கேயே இருக்கட்டும் என்று தம்பியும், உனக்கில்லாததா என்று அண்ணனும் மாறி மாறிச் சொல்ல ஆரம்பித்தார்கள். ஏட்டு ஒரு டம்ளர் மோர் கேட்டார்.

சின்னப்பையனின் கட்டைத் தசரதன்தான் அவிழ்த்தான். முடிச்சு இறுகியிருந்தது, பல்லால் கடித்து இழுக்க வேண்டியிருந்தது. மணிக்கட்டில் கயிறு பதிந்த இடம் சிவந்து தடித்திருந்தது. அதைத் தடவிக்கொண்டு அவன் எஞ்சின் கொட்டகைப் பக்கம் நடந்தான். ராணி அவன் பின்னாலேயே ஓடினாள், ரயில் எப்போது கிளம்பும் என்று கேட்டுக்கொண்டு.

ஜனங்கள் குலவையிட்டார்கள். அம்மனை ரயிலேற்ற வாருங்கள் என்று யாரோ பெரியவரைக் கூப்பிட்டார்கள். அவர் எழுந்தார். எழுந்தவருக்கு எதிரே, படிக்குக் கீழே, தாயம்மா நின்றாள். கும்பிடவும் இல்லை, வழி விடவும் இல்லை. அவர் கையிலிருந்து கீழே விழுந்து கிடந்த அந்தக் கொத்தை எடுத்து அவர் காலடிப் படியில் வைத்தாள்.

"அம்மாவை மஞ்ச அரிசியில உக்கார வெச்சீங்களே. எம்புள்ள மட்டும் உங்களுக்குக் கறிவேப்பிலையா, பெரியய்யா?"